மார்கழிக் காத்தும் நம்ம தோலும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல ஒரு கிராமம். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. என் பெரிய பொண்ணுக்கு ஆறு மாசக் குழந்தையா இருக்கும்போதே கரப்பான் வந்துச்சு. முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்னாடி, கழுத்து எல்லாம் சிவந்து, சொறிஞ்சு சொறிஞ்சு தண்ணி வடியும். இப்ப அவளுக்குப் பதிமூணு வயசு. ஒவ்வொரு மார்கழியும் அவளோட ராத்திரியில முழிச்சிருந்தவ நான். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில தோல் பிரிவு வரிசையில நின்னு, டாக்டர் அம்மாகிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க சொல்றேன்.

லோன், வட்டி, தவணை பேசுற கூட்டத்துல தோலைப் பத்தி என்ன பேச்சுன்னு சிலர் நினைக்கலாம். நம்ம கூட்டமைப்புல மூணு குழு சோப்பு போடுது, ரெண்டு குழு பினாயில் போடுது. பொங்கலுக்கு விக்கணும்னு ஊத்தின சோப்பு இப்ப அச்சுல இருக்கு. அதனால இது கணக்கு வழக்குப் பேச்சும்தான். அதைக் கடைசியில சொல்றேன்.

நம்ம ஊர்ல என்ன பெரிய குளிர், ஊட்டியா காஷ்மீரான்னு கேப்பீங்க. உண்மைதான். மார்கழி தையில ராத்திரி 20 டிகிரி பக்கம் இறங்கும், அவ்வளவுதான். ஆனா ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க ஈரத்துல ஊறின உடம்பு. மழை நின்னதும் வடகிழக்குக் காத்து காய்ஞ்சு அடிக்கும். விடியக்காலையில பனி, பத்து மணிக்கு மேல சுள்ளுன்னு வெயில். தோலுக்குக் குளிர் மட்டும் பிரச்சினை இல்ல, இந்தக் காய்ச்சலும் மாத்தி மாத்தி வர்றதும்தான் பிரச்சினை.

தோலோட மேல் அடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி நினைச்சுக்கோங்கன்னு டாக்டர் அம்மா சொன்னாங்க. செத்த செல்லுங்க செங்கல். அதுக்கு நடுவுல இருக்கிற கொழுப்புதான் சாந்து. சாந்து நல்லா இருந்தா உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகாது, வெளியில இருக்கிற தூசு, சோப்பு, கிருமி உள்ள வராது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தச் சாந்து கம்மி. என் பொண்ணுக்கு அப்படித்தான். வயசானவங்களுக்கு எண்ணெய்ப்பசை குறைஞ்சு சாந்து உதிர ஆரம்பிக்கும். அதனாலதான் நம்ம மாமியார்களெல்லாம் மார்கழியில காலைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்காங்க. பாம்புச் சட்டை மாதிரி செதில் செதிலா இருக்கும். சும்மா சொறியுறாங்கன்னு யாரும் கோவிச்சுக்காதீங்க.

முதல்ல குளியல். குளிருதுன்னு ஆவி பறக்கிற தண்ணியை ஊத்திக்கிறோம். ஊத்தும்போது சுகமா இருக்கும், ஆனா சுடுதண்ணி அந்தக் கொழுப்பைக் கரைச்சுக்கிட்டுப் போயிடும். எண்ணெய்ப் பாத்திரத்தைச் சுடுதண்ணியில கழுவினா பிசுக்கு சீக்கிரம் போகுதில்ல, அதே கதைதான். கையை விட்டா இதமா இருக்கணும், அவ்வளவு சூடு போதும். அஞ்சுல இருந்து பத்து நிமிஷத்துக்கு மேல குளிக்க வேணாம். பீர்க்கங்கூடு, நார் வெச்சுத் தேய்க்கிறதை இந்த ரெண்டு மாசம் நிறுத்துங்க. நம்ம பக்கம் நிறைய வீட்டுல போர் தண்ணி. அதுல உப்பு அதிகம். சோப்பு நுரைக்காது, நுரைக்கலைன்னு இன்னும் தேய்ப்போம். தண்ணியில இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து வெள்ளையாத் திரிஞ்சு தோல் மேலயே தங்கிடும். பக்கெட்டு ஓரத்துல படியுற வெள்ளை அதுதான். சோப்பை அக்குள், இடுப்பு, பாதம்னு அழுக்கு சேர்ற இடத்துக்கு மட்டும் போட்டா போதும். கைக்கும் காலுக்கும் தினமும் சோப்பு வேணும்னு ஒண்ணுமில்ல.

சோப்பு வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்க. சின்ன எழுத்துல டி.எஃப்.எம்.னு போட்டு ஒரு சதவீதம் இருக்கும். கொழுப்புப் பொருள் எவ்வளவுன்னு அர்த்தம். 76 சதவீதமும் அதுக்கு மேலயும் முதல் தரம், 70 ரெண்டாம் தரம், 60 மூணாம் தரம். 'பாத்திங் பார்'னு போட்டிருந்தா அது சோப்புக் கணக்கிலேயே வராது, 40 இருந்தாலே போதும்னு விட்டிருக்காங்க. வாசனையும் விளம்பரத்துல வர்ற நடிகையும் இந்தக் கணக்குல இல்ல. ஆனா இதையும் கேட்டுக்கோங்க: எல்லா சோப்புமே காரம்தான். நம்ம தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது. முதல் தர சோப்பா இருந்தாலும் ஒரு நாளைக்கு மூணு வேளை போட்டா தோல் தாங்காது.

குளிச்சுட்டு வந்ததும் துண்டால அழுத்தித் துடைக்காம ஒத்தி எடுங்க. ஈரம் பாதி இருக்கும்போதே, மூணு நிமிஷத்துக்குள்ள, எண்ணெயோ களிம்போ தடவிடணும். நான் சொல்றதுல ஒண்ணே ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க. களிம்பு தண்ணி தராது, இருக்கிற தண்ணியைப் பூட்டி வைக்கும். காய்ஞ்ச தோல்ல தடவுறது காலிப் பானைக்கு மூடி போடுற மாதிரி.

எந்த எண்ணெய்னு எல்லாரும் கேக்குறீங்க. தேங்காய் எண்ணெய் போதும். 2004-ல பிலிப்பைன்ஸ் நாட்டுல வறண்ட தோல் உள்ள 34 பேருக்குச் சோதனை பண்ணியிருக்காங்க. சிலருக்குத் தேங்காய் எண்ணெய், சிலருக்கு மருந்துக் கடை மினரல் எண்ணெய், ரெண்டு வாரம் தடவி, ரெண்டும் சமமா வேலை செஞ்சதுன்னு எழுதியிருக்காங்க. நம்ம பாட்டி சொன்னதுக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் வந்த மாதிரி எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. தோல் வெடிச்ச இடத்துக்கு எண்ணெயை விட வாசலைன் மாதிரி பெட்ரோலியம் ஜெல்லி நல்லா நிக்கும். சின்ன டப்பா போதும். வாசனை சேர்த்தது, கலர் சேர்த்தது வேணாம். எண்ணெய் தடவினா என் பொண்ணு மாதிரி சிலருக்கு வேர்க்குரு வரும். அவங்க மத்தியானத்துக்கு மெல்லிசாத் தடவணும். கடுகு எண்ணெய் நல்லதுன்னு வடக்கே இருந்து வந்து கம்பெனியில வேலை பாக்குற குடும்பத்துக்காரங்க சொல்றாங்க. பச்சைக் குழந்தைக்கு அது வேணாம், தோலை எரிக்கும்.

நலங்கு மாவைக் குறை சொல்ல மாட்டேன். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு போட்டு அரைச்சது சோப்பை விட மேல். ஆனா வெறும் மாவு எண்ணெய்ப்பசையை இழுக்கும். மார்கழியில பால் ஆடையிலயோ கெட்டித் தயிர்லயோ குழைச்சுப் போடுங்க. எலுமிச்சைத் தோல் சேர்க்கிற வீட்டுல இந்த ரெண்டு மாசம் அதை எடுத்துடுங்க. மெஷின்ல கொரகொரன்னு அரைச்சிருந்தா வஸ்திரகாயம் பண்ணுங்க. குழந்தைங்களுக்கு மாவு தேய்ச்சு, சாம்பிராணிப் புகையில காட்டுறதை மட்டும் நிறுத்துங்க. அந்தப் புகை குழந்தை நெஞ்சுக்கும் ஆகாது.

அடுத்து கை. காலையில நாலரை மணிக்கு எழுந்து வாசத் தெளிச்சு, மார்கழிக் கோலம் போடுறோம். கல்லு மாவு விரல்ல இருக்கிற ஈரத்தை அப்படியே உறிஞ்சிடும். புள்ளி வெச்சு இழுக்கிற அந்த ரெண்டு விரலும் சொரசொரன்னு ஆகி, நுனி வெடிச்சு, அப்புறம் புளி கரைக்கும்போது உயிர் போகும். கோலத்துக்கு உட்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு எண்ணெய் தேய்ச்சு, நல்லாத் துடைச்சுட்டுப் போடுங்க. மாவு கையில ஒட்டாம விழும். பச்சரிசி மாவுல போட்டா இன்னும் நல்லது, எறும்பும் சாப்பிடும். ஆனா தெரு அடைச்சுப் போடுற கோலத்துக்கு அரிசி மாவு கட்டுப்படியாகாதுன்னு எனக்கும் தெரியும்.

பாத்திரம் தேய்க்கிற வேலைக்கு மறைமலை நகர், மகிந்திரா சிட்டி பக்கம் போற அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் கையுறை போடுங்க, சரி. ஆனா உள்ள வேர்த்து ஊறினா அதுவே புண்ணாக்கும். உள்ள ஒரு பழைய பருத்தித் துணிக் கையுறை போட்டு, மேல ரப்பர் போடணும். வேலை முடிஞ்சதும் கழட்டிக் கையை அலசி வாசலைன் தடவுங்க. மோதிரத்துக்கு அடியில சோப்பு தங்கும். கல்யாண மோதிரமா இருந்தாலும் வேலை நேரத்துல கழட்டி முடிஞ்சு வெச்சுக்கலாம், அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். பினாயில், பிளீச்சிங் பவுடர் ரெண்டையும் ஒண்ணாக் கலக்கவே கூடாது.

நெத்தியில பொட்டு வைக்கிற இடம் அரிக்குதா? ஸ்டிக்கர் பொட்டோட பசையில இருக்கிற ஒரு ரசாயனம் சிலருக்கு ஒத்துக்காம அரிக்கும். அரிச்ச பிறகும் வெச்சுக்கிட்டே இருந்தா அந்த இடம் வட்டமா வெளுத்துப் போயிடும். உடனே நிறுத்துங்க. கவரிங் தோடு, தாலியில கோர்த்திருக்கிற சேப்டி பின், பாவாடை நாடா இடம், இதெல்லாம் தோல் வறண்டு இருக்கிற மாசத்துல ரொம்ப அரிக்கும். கவரிங்ல இருக்கிற நிக்கல் காரணம். தாலிச் சரட்டுல பின் மாட்டுற பழக்கத்தை மட்டுமாவது மாத்திக்கலாம்.

இப்ப மனசு கஷ்டப்பட்ட ஒரு விஷயம். எங்க தெருவுல ஒரு பொண்ணு, வயசு இருபத்திரெண்டு, கம்பெனிக்குப் போறா. தையில நிச்சயம் பண்ணலாம்னு பேச்சு. அவ சம்மதம் கேட்டுத்தான் சொல்றேன். நிறம் வரணும்னு ஒரு மருந்துக் கடையில கேட்டிருக்கா. டாக்டர் சீட்டு எதுவும் இல்லாம ஒரு சின்ன ட்யூபைக் குடுத்திருக்காங்க. ரெண்டே வாரத்துல முகம் பளிச்சுன்னு ஆச்சு. கூட வேலை செய்யுற பொண்ணுங்களும் பேரைக் கேட்டு வாங்கினாங்க. எட்டு மாசம் தினமும் தடவியிருக்கா. மார்கழி பொறந்ததும் பஸ்ஸுல ஜன்னல் காத்து பட்டா முகம் நெருப்பா எரியுதுன்னு அழுதா. கன்னத்துல சிவப்பு நரம்பு நூல் நூலாத் தெரியுது. தாடையில மீசை மாதிரி முடி. பயந்துபோய் ஒரே நாள்ல நிறுத்தினா, முகம் பூரா இன்னும் மோசமா வீங்கிப் பருவா வெடிச்சுது. வீட்டை விட்டே வெளிய வரல.

நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். ட்யூபைப் பார்த்ததும் டாக்டர் அம்மா தலையில கை வெச்சுக்கிட்டாங்க. அது ஸ்டீராய்டு களிம்பு. தோலை மெல்லிசாக்கி வெளுக்க வைக்கும். நம்ம செங்கல் சுவரையே அரிச்சுடும். இந்த மாதிரி களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்குன்னு அவங்கதான் சொன்னாங்க. கடையில கேட்டா இன்னும் கிடைக்குது, அதுதான் கொடுமை. சரியாக மாசக்கணக்காகும், பொறுமையா இருக்கணும்னு மருந்து எழுதிக் குடுத்தாங்க. நிச்சயத்தைத் தள்ளி வெச்சிருக்காங்க. பையன் வீட்டுல ஒத்துக்கிட்டாங்க, நல்ல மனுஷங்க. ஒத்துக்காம இருந்திருந்தா அந்தப் பொண்ணு கதி என்னன்னு எனக்கு இன்னைக்கும் யோசனைதான்.

அதனால ட்யூபோட பொடி எழுத்தைப் படிங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியலைன்னா பிள்ளைங்களை விட்டுப் படிக்கச் சொல்லுங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் இந்தப் பேர்ல எது இருந்தாலும் சொந்தமாத் தடவாதீங்க. ஸ்டீராய்டே விஷம்னு நான் சொல்ல வரல. என் பொண்ணுக்குக் கரப்பான் கிளம்பும்போது டாக்டர் அம்மாவே அதைத்தான் குடுப்பாங்க. எத்தனை நாள், எந்த இடம், எவ்வளவுன்னு கணக்கோட. விரல் நுனியில ஒரு கணு அளவு பிதுக்கினா ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும்னு சொல்லுவாங்க. முகத்துக்கு அவங்க சொல்லாமத் தடவவே மாட்டேன். படர்தாமரைக்கு இதைத் தடவினா, அரிப்பு நாலு நாள் அடங்கின மாதிரி காட்டும், உள்ளுக்குள்ள வட்டம் பெரிசாகும். இப்ப நாடு பூரா படர்தாமரை மருந்துக்கு அடங்காமத் திரியுறதுக்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம்.

குளிர்கால வறட்சின்னு நினைச்சுக்கிட்டு வேறதை விட்டுடக் கூடாது. ராத்திரியில அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கு, இடுப்பு, அக்குள்ல பொரிப் பொரியா வந்து, வீட்டுல நாலு பேருக்கும் இருந்தா அது சொறி சிரங்கு. வறட்சி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. சிரங்கு ஒட்டும். மருந்தை வீட்டுல எல்லாரும் ஒரே ராத்திரியில தடவணும். அரிப்பு இல்லாதவரும் தடவணும். எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லைன்னு விட்டா பத்து நாள்ல திரும்ப வரும். துணி, போர்வையைச் சுடுதண்ணியில அலசி வெயில்ல காயப் போடுங்க.

உடம்புல எங்கயாவது வெளிறின தேமல், இல்லன்னா லேசாச் சிவந்த தேமல் இருந்து, அங்க தொட்டா, சூடு பட்டா உணர்ச்சி தெரியலைன்னா, எண்ணெய் தடவிக்கிட்டு உட்காராதீங்க. அரிக்காது, வலிக்காது, அதனாலதான் விட்டுடறோம். அது தொழுநோயா இருக்கலாம். நமக்குப் பக்கத்துலயே, செங்கல்பட்டு திருமணியில, 1955-ல மத்திய அரசு ஆரம்பிச்ச தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அந்தப் பேரைச் சொல்லவே நம்ம பெரியவங்க கூச்சப்படுவாங்க. இன்னைக்கு அதுக்கு மருந்து இலவசம். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாசம் இல்லன்னா பன்னிரெண்டு மாசம் சாப்பிட்டா முழுசாக் குணமாகிடும். லேட்டாப் போனாத்தான் விரல் மடங்கறதும் காலு புண்ணாகறதும்.

சர்க்கரை உள்ளவங்க பித்தவெடிப்பைச் சும்மா விடாதீங்க. காலு மரத்துப்போனவங்க சுடுதண்ணியில காலை வைக்கறதுக்கு முன்னாடி வேற யாரையாவது கையை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. வெடிப்பை பிளேடால சீவ வேணாம். ராத்திரி இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவி, துடைச்சு, வாசலைன் தடவிப் பழைய சாக்ஸ் போட்டுப் படுங்க. வெடிப்புல இரத்தமோ சீழோ வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. திருக்கச்சூர் மருந்தீஸ்வரர் மலை மண்ணு மேல நமக்கு நம்பிக்கை உண்டு, எனக்கும் உண்டு. நெத்தியில இட்டுக்குவேன். திறந்த புண்ணுல எந்த மண்ணும் வேணாம்.

சாப்பாட்டைப் பத்தி ஒண்ணு. கரப்பான்னு சொன்னதும் கத்திரிக்காய், கருவாடு, முட்டை, பால்னு ஒவ்வொண்ணா நிறுத்தி, என் நாத்தனார் குழந்தை ஒரு வருஷம் தயிர்சோறு கூட இல்லாம இளைச்சுப்போச்சு. எது சாப்பிட்டா உடனே தடிக்குதோ அதை மட்டும் நிறுத்தினா போதும். அதுவும் டாக்டரைக் கேட்டு.

இப்ப நம்ம சோப்புக்கு வர்றேன். பொங்கலுக்கு இன்னும் இருக்கிற நாளையும் சேர்த்து எண்ணினாலும், அந்த சோப்பு ஊத்தி இருபத்தஞ்சு நாள்கூட ஆகாது. காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் சேர்ந்து சோப்பு ஆகுது. அச்சுல இறுகிட்டா முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல. நாலுல இருந்து ஆறு வாரம் நிழல்ல, காத்துபடக் காயணும். அப்பத்தான் தண்ணி வத்தி, கட்டி கெட்டியாகி, தோலுக்கு இதமாகும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சோடா 175 கிராம் போதும். கண்ணளவுல கூடப் போயிட்டா எண்ணெய் முடிஞ்ச பிறகும் சோடா மிச்சம் நிக்கும். அது எத்தனை வாரம் ஆனாலும் தோலைச் சுடும். எலெக்ட்ரானிக் தராசு இல்லாம யாரும் போட வேணாம். இன்னொண்ணு, முழுக்கத் தேங்காய் எண்ணெயிலேயே போட்ட சோப்பு நல்லா நுரைக்கும், ஆனா மார்கழித் தோலுக்கு ரொம்பக் காய வைக்கும். கால்வாசி நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ சேர்த்தா இதமா இருக்கும். சேர்த்தா சோடா கணக்கு மாறும், குறையும். அதைப் பயிற்சி குடுத்த மேடத்தைக் கேட்டு எழுதி வெச்சுக்கணும்.

குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். விக்கிறதுக்குத் தயாரிக்கணும்னா மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட உரிமம் வேணும். நம்ம கூட்டமைப்புல ஒரே ஒரு குழுதான் அலைஞ்சு திரிஞ்சு அதை வாங்கியிருக்கு. மத்த ரெண்டு குழுவும் அவங்க கூடாரத்துலதான் ஊத்துறோம். நாளைக்கு ஒரு குழந்தை தோல் வெந்துபோச்சுன்னு புகார் வந்தா, அந்தக் குழுவோட உரிமத்துக்குத்தான் ஆபத்து.

பொங்கல் வியாபாரம் போச்சுன்னா எனக்கும் நஷ்டம்தான். என் குழுவுக்கும் தை மாசம் தவணை இருக்கு. அதனால என் கோரிக்கை இது. இந்தச் சரக்கைத் தை கடைசி வாரத்துல எடுப்போம். ஒவ்வொரு அட்டைப்பெட்டி மேலயும் ஊத்தின தேதியை எழுதி வைப்போம். பொங்கல் கடைக்கு நலங்கு மாவும், கோல மாவும், வடகமும் வைக்கலாம், அது தயாராவே இருக்கு. சோப்பு போட்ட மூணு குழுவுக்கும் தை மாசத் தவணையை மட்டும் மாசிக்குத் தள்ளி வைக்கச் சொல்லி இந்தப் பொதுக்குழு தீர்மானம் போடணும். அந்த ஒரு மாச வட்டி எவ்வளவுன்னு கணக்குத் தங்கச்சி போட்டு வெச்சிருக்கு. எங்க மூணு குழுவும் அதைப் பிரிச்சுக் கட்டத் தயார். தீர்மானத்தை முன்மொழியுறது நான். வழிமொழியுறவங்க கை தூக்குங்க அக்கா.